இடது பக்கம் போகாதவர்

உன் வீட்டில் நேற்று நடந்த சண்டையை நான் ஒட்டுக்கேட்கவில்லை அம்மா. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் அவ்வளவு மெலிசு, நான் என்ன செய்ய? உன் பெரியவனும் அவன் மச்சானும் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரோ அமெரிக்காக்காரர்களை வரிசை போட்டார்கள். கூடைப்பந்தில் இவன்தான் என்றைக்கும் முதல் ஆள் என்கிறான் ஒருவன். அந்தக் காலத்து ஆளையும் இந்தக் காலத்து ஆளையும் ஒரே தராசில் எப்படி வைப்பாய் என்கிறான் இன்னொருவன். நீ போய், "தோசை ஆறிப்போவுது, துன்னுட்டு வந்து அடிச்சிக்கோங்கடா" என்று கத்தின பிறகுதான் ஓய்ந்தது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. இதே மாதிரி ஒரு வரிசையால் எனக்கு ஒரு காலத்தில் மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. நீ இந்தத் தெருவுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, உனக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

செஞ்சியில் அந்தக் காலத்தில் ஏது கூடைப்பந்து என்று கேட்காதே. ஜப்பான்காரன் சண்டைக்கு நாலஞ்சு வருஷம் முன்னால், எங்கள் மாதா கோயிலுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் வந்தார். எங்கள் குருவைச் சாமியார் என்றுதான் சொல்வோம். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். வந்த மாதமே, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற கொல்லரைக் கூப்பிட்டு இரண்டு இரும்பு வளையம் செய்யச் சொன்னார்.

"இவ்ளோ சின்ன சக்கரமா? எந்த வண்டிக்கு சாமி?" என்று கேட்டார் கொல்லர்.

"வண்டிக்கு அன்று. ஆகாயத்தில் மாட்டுவதற்கு" என்றார் சாமியார். அவர் பேசுகிற தமிழ் ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்த தமிழ். கொல்லர் அன்றைக்கே கடைத்தெரு முழுக்க, வெள்ளைக்காரச் சாமிக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார்.

கோயில் மைதானத்தில் இந்தப் பக்கம் ஒரு தென்னங்கம்பம், அந்தப் பக்கம் ஒரு தென்னங்கம்பம் நட்டு வளையங்களை மாட்டினார்கள். பந்து பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. முதல் ஆட்டத்தைப் பார்த்த என் அம்மா, "அடியில்லாத கூடைக்கு அஞ்சு பேரும் அஞ்சு பேரும் அடிச்சிக்கிறானுங்களே, இதுல எதைப் போட்டு எதை எடுக்கப் போறானுங்க?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஆம்பிளைகளுக்கு அது பிடித்துக்கொண்டது. வேலை விட்டதும் கூடிவிடுவார்கள். ராஜாக்கோட்டை மலையின் நிழல் வந்து மைதானத்தை மூடுகிற வரை ஆட்டம்தான்.

அந்த முதல் ஆட்டத்தோடு சரி, அப்புறம் பெண்கள் பார்க்கக் கூடாது. அது எழுதாத சட்டம். ஆனால் கோயில் கிணறு மைதானத்துக்குப் பின்னால் இருந்தது, சுற்றுச்சுவரில் கல் விழுந்த ஓட்டை ஒன்று என் கண் உயரத்தில் இருந்தது. அது என் குற்றமா? ஒரு குடம் தண்ணீருக்கு நான் எடுத்துக்கொள்கிற நேரத்தில் ஒரு காணி நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடலாம் என்பாள் என் அண்ணி. எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் எவன் எந்தக் காலை முன்னால் வைப்பான், எவன் பந்து வந்தால் கண்ணை மூடுவான், எவன் வேட்டியை இறுக்கிக் கட்டினால் ஓடப்போகிறான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆடினவர்களில் இரண்டு பேரை நீ தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் கொத்தனார். சாரத்தின் மேலே நிற்கிறவனுக்குக் கீழேயிருந்து செங்கல் வீசிப் பழகின கை. வீசினால் அந்தக் கல் அவன் கையில் போய் உட்காருமே தவிர, அடிக்காது. பந்தையும் அப்படித்தான் வளையத்தில் உட்காரவைப்பார். ஓடும்போது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வருவார். முன்னால் ஒருவன் நின்றால் வலது தோளைக் காட்டிவிட்டு இடது பக்கமாக வழுக்கிப் போய்விடுவார். நின்றவன் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்னொருவர் சைக்கிள் கடைக்காரர். கெட்ட ஆள் இல்லை. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் கொத்தனார் இருக்கிற வரைக்கும் இரண்டாவது ஆள். அது அவருக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி.

கொத்தனாருக்கும் எனக்கும்தான் கல்யாணம் பேசினார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று பூசை முடிந்ததும் உபதேசியார் படிப்பார். உபதேசியார் என்றால் கோயில் காரியம் பார்க்கிறவர், எழுத்துப் படிப்பு உள்ளவர். எங்களுக்கு இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கொத்தனாருக்குப் பட்டாளத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஊரில் ஒரு சுவரும் எழும்பாத காலம் அது. வேலை இல்லாமல் முன்பே பேர் கொடுத்திருந்தார். என்னைப் பெற்ற நைனாவிடம் வந்து, "மூணாவது ஓலைய வந்து படிச்சிக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தபால் கார்டு வந்தது. பிறகு சிங்கப்பூர் விழுந்தது என்றார்கள். அதோடு கார்டு நின்றது.

ஒரு வருஷம் போனது. இரண்டாவது வருஷமும் போனது. நான் கல்யாணம் ஆனவளும் இல்லை, ஆகாதவளும் இல்லை. "ரெண்டு ஓலைக்காரி" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மைதானத்தில் ஆட்டமும் குறைந்துபோனது. பந்துக்குள் இருந்த ரப்பர் கிழிந்து, சண்டைக் காலத்தில் வேறு கிடைக்காமல், செருப்புத் தைக்கிறவர் தேங்காய் நாரைத் திணித்துத் தைத்துக் கொடுத்தார். அது துள்ளாது. துள்ளாத பந்தை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் ஆடுவது? ஆட்டம் குறையக் குறையப் பேச்சு வளர்ந்தது. சாயங்கால ஜெபம் முடிந்ததும் புளியமரத்தடியில் கூடி, அன்றிலிருந்து இன்றுவரை செஞ்சியில் பந்து போட்டவர்களில் யார் முதல், யார் இரண்டு என்று வரிசை போட ஆரம்பித்தார்கள்.

அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நடுவில் ஒரு மழைக்காலத்தில் தென்னங்கம்பங்களின் அடியைக் கறையான் தின்றுவிட்டது. தின்ற பாகத்தை வெட்டிவிட்டுத் திரும்ப நட்டதில் வளையம் ஒரு முழம் இறங்கிவிட்டது. ஆகவே கறையானுக்கு முன் ஆடினவர்கள் ஒரு கட்சி, கறையானுக்குப் பின் ஆடினவர்கள் ஒரு கட்சி.

"நாங்க போட்ட வளையம் எங்க இருந்துச்சு, நீங்க போட்டது எங்க இருக்குது? எங்க ஆயா கூட கையத் தூக்கிப் போட்டுடுவா!"

"உங்களுக்குத் துள்ற பந்து இருந்துச்சு மாமா. இந்த நார்ப் பந்த வெச்சிக்கினு ஒண்ணு போடு பாக்கலாம்."

"கறையானு தின்னாத கம்பத்துல அஞ்சு போடறதும், தின்ன கம்பத்துல பத்து போடறதும் ஒண்ணு."

"அப்ப கறையானுக்கும் ஒரு எடம் குடுத்துடு, போ!"

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மாமனும் மருமகனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் கல் பறந்தது. கோயில் திருநாள் வந்துகொண்டிருந்தது. சாமியார் பார்த்தார், பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டி, ஐந்து பேர் பெயரை வரிசையாக எழுதிவிட்டால் சண்டை தீரும் என்று நினைத்தார். பாவம், வெள்ளைக்காரர்.

"முதலாவது யார் என்று சர்வேசுரனுக்குத் தெரியும். எனக்குத் தலைவலி மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டார். அப்போது பள்ளிக்கூட வாத்தியார் ஒரு யோசனை சொன்னார்.

"இன்னும் ஆடறவன எப்டி வரிசை போடறது? நாளைக்கு ஒரு பந்த வுட்டுட்டா எறக்கணும், நாளன்னிக்கு ஒண்ணு போட்டா ஏத்தணும். பலகையில எழுதினா எழுதினதுதான். அதனால ஆட்டம் முடிஞ்சவங்கள மட்டும் எழுதலாம்."

அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். வயதானவர்கள், முழங்கால் போனவர்கள், பிள்ளை குட்டி ஆனதும் விட்டுவிட்டவர்கள், அவர்களைத்தான் நினைத்தார். எல்லோரும் சரி என்றார்கள். கல்யாண ஓலை மாதிரியே மூன்று ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் வரிசையைப் படிப்பது, தடை உள்ளவர்கள் சொல்வது, மூன்றாவது ஞாயிற்றுக்குப் பிறகு எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று சாமியார் கட்டளை போட்டார். "ஆட்டத்தைப் பற்றிய தடை மட்டும். வேறு கதை வேண்டாம்" என்றும் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் கிணற்றடியில் இருந்தபோது, புளியமரத்தடியில் சைக்கிள் கடைக்காரரின் குரல் கேட்டது.

"மொத எடம் கொத்தனாருக்குத்தான். இதுல பேச்சே இல்ல. கூட ஆடின எனக்குத் தெரியாதா? வலது பக்கம் போறான்னு நெனைப்பேன், இடது பக்கம் போயிருப்பான். நான் காத்தப் புடிச்சிக்கினு நின்னது எத்தினி வாட்டி!"

யாரோ கேட்டார்கள்: "அவன் இன்னும் ஆட்டத்த வுடலயேப்பா, பட்டாளத்துக்குத்தானே போயிருக்கான்?"

"ரெண்டு வருசமா ஒரு கார்டு இல்ல. இனிமே எங்க ஆடப் போறான்? அவன் பேராவது மேல இருக்கட்டும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை அம்மா. ஒருநாளும் அவரை ஒத்துக்கொள்ளாத மனுஷன் இப்படிப் பேசுகிறாரே என்று குடத்தைப் பாதியாக மொண்டுகொண்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, சைக்கிள் கடைக்காரரு எவ்ளோ நல்ல மனசு தெரியுமா! கொத்தனாரத்தான் மொதல்ல வெக்கணும்னு அடிச்சிப் பேசறாரு."

"எந்த வரிசையில?"

"ஆட்டம் முடிஞ்சவங்க வரிசையில."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். சொல்லும்போது என் வாயிலிருந்து வந்ததை என் காதே கேட்டது.

அண்ணி குழவியை நிறுத்திவிட்டாள். "ஒரு ஆள அவன் ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொன்னா இன்னாடி அர்த்தம்? போன மாசம் சைக்கிள் கடைக்காரன் அம்மா நம்ம வூட்டுக்கு வந்து, மோரு குடிச்சிட்டு, உன்ன மேலயும் கீழயும் பாத்துட்டுப் போனாளே, வெயிலுக்கு ஒதுங்கவா வந்தா?"

நைனாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. மூணு ஞாயிறு கோயில் வாசல்ல படிச்சி, பெத்தவ உட்பட எவரும் தடை சொல்லலன்னா, அப்பால நான் யாருக்காகக் காத்திருக்கணும்? மூணாவது ஞாயிறுக்கு மறுநா திங்கக்கெழம தாம்பூலம் மாத்திக்கலாம்னு கேட்டிருக்காங்க. நானும் தலையாட்டிட்டேன்."

அவ்வளவுதான். அவர் பெயர் முதல் வரியில் ஏறினால் அவர் செத்துப்போனவர், நான் சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குப் போகவேண்டியவள்.

முதல் ஞாயிறு உபதேசியார் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "ஆட்டம் முடிந்தவர்கள். முதலாவது..." என்று கொத்தனார் பெயரைச் சொன்னார். பெண்கள் கூட்டத்தில் காது மந்தமான ஒரு கிழவி இருந்தாள். நவம்பர் மாதத்தில் செத்தவர்கள் பெயரை இதே வாசலில் இதே உபதேசியார்தான் இதே குரலில் படிப்பார். அவள் அதுதான் என்று நினைத்துக்கொண்டு, சிலுவை போட்டு, மரித்தவர்களுக்குச் சொல்கிற ஜெபத்தை உரக்க ஆரம்பித்துவிட்டாள். பழக்க தோஷத்தில் பத்துப் பெண்கள் கூடவே சொல்லி முடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கொத்தனாரின் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தடை சொல்வாள் என்று நம்பினேன். வாரத்தின் நடுவில் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன்.

"அத்தே, அந்த வரிசைக்கு மேல இன்னா பேரு வெச்சிருக்காங்க, கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன்."

"அப்ப சொல்லக் கூடாதா?"

"இன்னான்னு சொல்றது? அவன் இருக்கான்னு நான் எதக் காட்டி சொல்வேன்?" கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பள்ளிக்கூடத்துச் செவுத்துல மொத பேரு என் புள்ள பேரு. போற வர்ற பசங்க படிப்பானுங்க. எனக்கு வேற இன்னா கெடைக்கப் போவுது? அதையும் வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எனக்கு மிச்சம் இருந்ததோ, அந்தப் பலகையில் அவர் பெயர் ஏறாமல் இருப்பது.

இரண்டாவது ஞாயிறு நாலாவது இடத்துக்குத் தடை வந்தது, ஐந்தாவது இடத்துக்குத் தடை வந்தது, கறையான் வந்தது, நார்ப் பந்து வந்தது. முதல் இடத்துக்கு ஒருவரும் மூச்சு விடவில்லை. செத்தவனோடு யார் போட்டி போடுவார்கள்? எங்கள் வீட்டில் வெற்றிலைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் யோசித்தேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் அது ஆட்டத்தைப் பற்றிய தடை இல்லை, சாமியார் கேட்கமாட்டார். ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசலாம். ஆட்டத்தைப் பற்றி என்ன பேசுவது? அவர்தான் முதல் ஆள். ஓட்டை வழியாக நாலு வருஷம் பார்த்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மூன்றாவது ஞாயிறு. "கடைசி முறை" என்று சொல்லிவிட்டு உபதேசியார் முதல் பெயரைப் படித்தார். "தடை உண்டா?"

"இருக்குது" என்றேன்.

என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம், தரையில் பாம்பைப் பார்த்த மாதிரி விலகிக்கொண்டார்கள். சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஆட்டத்தைப் பற்றியா?"

"ஆட்டத்தப் பத்திதான் சாமி. அவருக்கு மொத எடம் குடுக்கக் கூடாது. அவருக்கு இடது பக்கம் போவத் தெரியாது."

பொய் அம்மா. கோயில் வாசலில் நின்றுகொண்டு சொன்ன முழுப் பொய். அவருடைய ஆட்டத்தில் எது அழகோ அதையே பிடித்து அறுத்தேன். வேறு சின்னக் குறையைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. "எப்பவும் வலது பக்கந்தான் போவாரு. தெரிஞ்சவன் அந்தப் பக்கம் நின்னுட்டா பந்தோட அப்டியே நின்னுடுவாரு. திண்டிவனத்துக்காரங்க வந்தப்போ ரெண்டு வாட்டி அப்டித்தான் நின்னாரு" என்று சாட்சியும் வைத்தேன்.

பிறகு கறையானுக்கு முந்தின கட்சியில் ஒருவர், "ஆமாப்பா... எனக்கும் அது தோணும்" என்றார். இன்னொருவர், "நான் அப்பவே சொன்னேன், ஒரே பக்கமா ஓடறான்னு" என்றார். கொஞ்ச நேரத்தில் பாதி ஆம்பிளைகளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நடக்காத ஒன்று அவ்வளவு பேருக்கு ஞாபகம் வந்ததை நான் என் வாழ்நாளில் வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

"அது சரி, இதெல்லாம் நீ எங்கேர்ந்தும்மா பாத்தே?" என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பு கிளம்பியது. நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிக்கவே இல்லை.

சைக்கிள் கடைக்காரருக்குக் கோபம். "அப்ப மொத ஆளு யாரு? அதையும் நீயே சொல்லிடு."

"நீங்கதான். எழுதச் சொல்லுங்க. ஆட்டம் முடிஞ்சவரு, மொத பேரு உங்க பேரு."

அவர் அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள். "தூ! வாயக் கழுவுடி! என் புள்ளைக்கா ஆட்டம் முடிஞ்சுது? கல்லாட்டம் நிக்கிறான், கண்ணு தெரியல?"

ஆட்டம் முடிந்தது என்கிற அந்த வார்த்தை அப்போதுதான் எல்லோருக்கும் சரியாகக் காதில் விழுந்தது. சிரிப்பு நின்றது. ஆனால் கொத்தனாரின் அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் நேராக என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யாருக்குடி இடது பக்கம் போவத் தெரியாது? என் புள்ளைக்கா? கட்டிக்கப் போறவ பேசற பேச்சா இது? இருடி, வரட்டும் அவன். இதே மண்ணுல இடது பக்கம் போயி உன் மூஞ்சிக்கு நேரா போட்டுக் காட்டுவான் பாரு!"

சாமியார் கையைத் தூக்கினார். "வருவான் என்று சொல்கிறாயா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வருவான் சாமி" என்றாள். பிறகு கத்தினாள், "வருவான்!"

"அப்படியானால் இவனுடைய ஆட்டம் முடியவில்லை. பெயரை அடித்துவிடு" என்றார் சாமியார்.

உபதேசியார் அடித்தார். முதல் இடத்துக்கு வேறு பெயர் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பலகையில் இரண்டாவதிலிருந்துதான் எழுதினார்கள். தாம்பூலத்துக்கு யாரும் வரவில்லை. இப்படிச் சுவரோட்டையில் ஆம்பிளைகளைப் பார்க்கிற பெண் வேண்டாம் என்று சைக்கிள் கடைக்காரர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நைனா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கொத்தனாரின் அம்மா அதைவிட அதிக நாள் பேசவில்லை. நான் ஏன் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் தனியாகச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொன்னேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "அப்படியானால் இடது பக்கம் போவானா?" என்று கேட்டார்.

"போவாரு சாமி."

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம்" என்றார். பிறகு அபராதமாக ஐந்து நாள் ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போன எல்லோரும் வந்து, அதற்கும் பிறகு ஒரு நாள் அவர் வந்தார். ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்திருக்கிறார். கன்னம் ஒட்டிப்போய், இடது முழங்கால் மடங்காமல், திண்டிவனத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கினவரிடம் ஊர் சொன்ன முதல் சேதி என்ன தெரியுமா? உன்னைக் கட்டிக்கப் போகிறவள் கோயில் வாசலில் உனக்கு ஆடத் தெரியாது என்று சொன்னாள். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அழுதுகொண்டு நிற்கிறேன். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை இல்லை.

"எந்த ஆட்டத்துல நான் இடது பக்கம் போவல?"

"எல்லா ஆட்டத்துலயும் போனீங்க. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க செத்துடக் கூடாதுன்னு."

அவர் உட்கார்ந்தார். காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. நீட்டின காலைத் தடவிக்கொண்டே, "ஆனா எல்லாரும் சொல்றாங்களே" என்றார்.

அந்த மாதமே கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தன, வீடு கட்டினார், ஒரு காலை நீட்டிக்கொண்டே சுவர் எழுப்பினார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கூட ஆடினவர்கள் எவரைப் பார்த்தாலும் கேட்பார். எல்லோரும் சத்தியம் செய்தார்கள், அவர் வலது பக்கம்தான் போவார் என்று. "நான் எப்பவும் வலது பக்கம் நின்னு தடுத்துடுவேன்" என்று சைக்கிள் கடைக்காரரே சொன்னார். காற்றைப் பிடித்தவர் அவர், அதை அவரே மறந்துபோனார். சாமியாரிடம் போய்க் கேட்டால், அவர் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாதே, இருமிக்கொண்டு பேச்சை மாற்றினார். நான் ஒருத்திதான் சொன்னேன். என்னை அவர் நம்பவில்லை. மனைவி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

ஒரு தரம் என்னிடம் சொன்னார். "முகாமுல பசி தெரியாம இருக்கறதுக்கு, படுத்துக்கினு பழைய ஆட்டத்தையெல்லாம் மனசுல ஆடுவேன். எல்லாத்துலயும் இடது பக்கம் போனேன். அதெல்லாம் நானா நெனைச்சிக்கினதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்றைக்கு எனக்கு அடுப்பு எரிவது கண்ணுக்குத் தெரியவில்லை.

காலை மடக்க முடிந்திருந்தால் மைதானத்தில் ஒரே ஒரு தரம் இடது பக்கம் போய்க் காட்டியிருப்பார். பலகையில் முதல் பெயரை இப்போதாவது எழுதலாம் என்று வாத்தியார் வந்து கேட்டபோது, "இடது பக்கம் போவாதவனுக்கு எதுக்கு மொத எடம்?" என்று அனுப்பிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. போகிற வரைக்கும் அந்த எண்ணம்தான்.

நீயே சொல்லம்மா, நான் செய்தது சரியா தப்பா? மருமகளாய்ப் போய், பிள்ளை பெற்று, நன்றாகத்தான் வாழ்ந்தேன். அதில் எனக்குக் குறை இல்லை, நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தச் செஞ்சியில் அவர் இடது பக்கம் போனதைப் பார்த்தவள் என்று இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் வயதாகிறது. சில நாள் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். முன்னால் சைக்கிள் கடைக்காரர் நிற்கிறார். வலது தோளைக் காட்டுகிறார், அப்புறம்...

அய்யய்யோ, தூறல் விழுகிறது பார்! மாடியில் மூன்று மூட்டை மல்லாட்டை காயப் போட்டிருக்கிறேன், கடலையெல்லாம் நனைந்துவிடும். எழுந்திரம்மா, நீ சாக்கை எடுத்துக்கொண்டு வா, நான் முன்னால் போகிறேன். பார்த்து ஏறு, மூன்றாவது படி ஆடும்.